காரைக்காற் பேயார்

சென்னையிலிருந்து அரக்கோணம் செல்லும் இருப்புப்பாதையில், அரக்கோணத்தை அடைவதற்குச் சற்று முன்னர் வரும் சிறிய நிலையம் திருவாலங்காடு. வடமேற்கே திருத்தணி மலை; அதற்கப்பால் தெலுங்கு நாடு. ஆலமரக் காடாக இருந்தமையால் ஆலங்காடு எனப் பெயர் பெற்றது; அதனையே வடமொழியாளர் வடாரண்யம் என்றனர். கூத்தப்பெருமானுக்குரிய ஐந்து மன்றங்களுள் மணிமன்றமாகிய இரத்தினசபை இவ்வூரில் உள்ளது. காளியோடு நிகழ்ந்த ஆடற்போட்டியில் ஒரு காலை விண்ணோக்கி உயர்த்தி இறைவன் ஆடிய ஊர்த்துவ தாண்டவம் இத்தலத்துக்கே உரியது. ஆடும் அந்தத் திருவடியின் கீழே, கையில் தாளத்துடன், விலா எலும்புகள் ஒவ்வொன்றாய் எண்ணத்தக்கவாறு தெரிய, வற்றிய மார்பும் குழிந்த கண்ணுமாய் ஒரு பெண்ணுருவம் அமர்ந்து பாடிக்கொண்டிருக்கிறது. அறுபத்துமூவருள் வைத்துப் போற்றப்பெறும் பெண்பாலார் மூவருள் ஒருவரான காரைக்காலம்மையாரே அவர்.

அம்மையார் பிறந்தது இவ்வூரில் அன்று. சோழநாட்டுக் கடற்கரைப் பட்டினமாகிய காரைக்காலில். நேர்கோட்டில் அளந்தாலும் இரண்டு ஊர்களுக்கும் இடையே 240 கிலோமீட்டருக்குக் குறையாது. அவர் வாழ்ந்த காலம் கி.பி. 5 அல்லது 6ஆம் நூற்றாண்டு என்பது அறிஞர் பலரின் துணிபு. சம்பந்தருக்கும் அப்பருக்கும் முற்பட்டவர் என்பதில் ஐயமில்லை. கடற்கரைப் பட்டினத்து வணிகர் வீட்டுப் பெண் ஒருத்தி, உள்நாட்டுச் சுடுகாடு ஒன்றில் பேயாகி அமர்ந்தது எவ்வாறு? அவரைப் பேயாக்கியவர் இறைவனா, கணவனா, காப்பியப் புலவரா, அல்லது அவர் தாமேயா? அம்மையாரின் வரலாற்றைக் கூறப் புகுவோர் இவ்வினாவைக் கடந்து செல்லுதல் இயலாது. பாத்திரம் படைக்கும் தொழிலில் ஈடுபட்ட கவிஞர்க்கோ இது தம் தொழிலைப் பற்றிய வினாவுமாகும்.

சேக்கிழார் பெருமான் பெரியபுராணத்தில் உரைக்கும் வரலாறு தமிழர் அனைவரும் அறிந்ததே. எனினும் அதனை ஒருமுறை வரிசையாக நினைவு கூர்தல் வேண்டும்.

காரைக்கால் வணிகர் தலைவன் தனதத்தன். அவன் செய்த தவத்தால் பிறந்த ஒரே மகள் புனிதவதி. மழலை பேசும் பருவத்திலேயே சிவபெருமான் திருநாமத்தைப் பயின்றவள். சிற்றில் இழைத்து விளையாடும்போதும் அவன் புகழே அவள் பேச்சு. மணப்பருவம் எய்தியபோது, நாகப்பட்டினத்து வணிகன் நிதிபதியின் மகன் பரமதத்தனுக்கு அவளை மணம் முடித்தனர். ஒரே மகளைப் பிரிய மனமில்லாத தந்தை, காரைக்காலிலேயே தனி மனை அமைத்துக் கொடுத்தான். மருமகனும் அங்கிருந்தே வணிகத்தைப் பெருக்கினான்.

ஒருநாள் பரமதத்தனிடம் வந்த சிலர் இரண்டு மாங்கனிகளைக் கொடுத்தனர். அவன் அவற்றை வீட்டுக்கு அனுப்பினான். அச்சமயம் பசியோடு ஓர் அடியவர் வந்தார். சோறு ஆகியிருந்தது, கறியமுது ஆகவில்லை. புனிதவதி ஒரு கனியைச் சோற்றுடன் வைத்துப் படைத்தாள். நண்பகலில் கணவன் வந்தான். மற்றொரு கனியை இலையில் இட்டாள். அதன் சுவை கண்ட அவன் இன்னொன்றையும் கேட்டான். உள்ளே சென்று திகைத்து நின்ற அவள் இறைவனை நினைத்தாள். கையில் ஒரு கனி வந்தது. அதனை உண்ட கணவன், முன்னதினும் வேறான அதன் சுவையை வியந்து, எங்கே பெற்றாய் என வினவினான். மறைத்தல் கற்புக்கு ஆகாது என எண்ணி உள்ளதை உரைத்தாள். அவன் நம்பவில்லை, இறைவன் அருளாயின் இன்னும் ஒன்றை வருவித்துத் தா என்றான். அவ்வாறே வந்த கனியை அவன் கையில் வாங்கினான். வாங்கிய அளவிலே அது மறைந்தது.

அந்த வெறுங்கையே பரமதத்தனின் வாழ்வைத் திருப்பியது. அச்சம் அவனைப் பற்றிக்கொண்டது. ஒரே வீட்டில் இருந்தும் மனைவியோடு உறவின்றி ஒழுகினான். யாரிடமும் ஒன்றும் சொல்லாமல், வணிகத்துக்கென மரக்கலம் ஏறிச் சென்றான். திரும்பும்போது காரைக்காலுக்கு வராமல் பாண்டிநாட்டுத் துறைமுகப் பட்டினம் ஒன்றை அடைந்து, அங்கே வேறொரு வணிகன் மகளை மணந்தான். பெண் குழந்தை பிறந்தது. அதற்குப் புனிதவதி என்றே பெயர் வைத்தான்.

செய்தி அறிந்த சுற்றத்தார் அம்மையாரைச் சிவிகையில் ஏற்றி அவ்வூர்க்கு அழைத்துச் சென்றனர். பரமதத்தன் இரண்டாம் மனைவியோடும் குழந்தையோடும் வந்து அவர் காலில் விழுந்தான். மனைவி காலில் கணவன் விழுவது கண்டு சுற்றத்தார் நாணித் திகைத்தனர். இவர் மானுடப் பெண் அல்லர், தெய்வம். அதனால்தான் குழந்தைக்கு இவர் பெயரிட்டேன் என்றான் அவன். அதனைக் கேட்ட அம்மையார், இனி இவன்பொருட்டுச் சுமந்த அழகும் தசையும் தமக்கு வேண்டா என்றும், பெருமானைச் சூழ்ந்து நிற்கும் பேய்வடிவமே வேண்டும் என்றும் இறைஞ்சினார். ஊன் உதிர்ந்தது, என்பு நின்றது. சுற்றத்தார் தொழுது அஞ்சி அகன்றனர்.

பின்னர் அவர் கயிலைக்குச் சென்றார். அம்மலையைக் காலால் மிதித்தல் தகாது எனத் தலையாலே நடந்து ஏறினார். இந்த என்புருவம் யார் என உமையம்மை வினவ, நம்மைப் பேணும் தாய் இவள் என்றார் பெருமான். அவரை அம்மையே என அழைத்தார். வேண்டுவது யாது எனக் கேட்டபோது, குறையாத அன்பும் பிறவாமையும், பிறப்பு உண்டாயின் மறவாமையும், ஆடும்போது அடியின் கீழிருந்து பாடும் பேறும் வேண்டினார். தென்னாட்டில் ஆலங்காட்டில் நம் ஆடலைக் கண்டு பாடியிரு என்னும் ஆணை பிறந்தது. ஆலங்காட்டுக்கும் தலையாலேயே நடந்து வந்தார். மூத்த திருப்பதிகங்களைப் பாடினார். திருவடிக்கீழ் நிலையாக அமர்ந்தார்.

சேக்கிழார் தந்த வரலாறு இது. அம்மையார் தாமே தந்த வரலாறு எது எனத் தேடினால் வியப்பே மிஞ்சும். பதினோராம் திருமுறையில் அவர் பாடல்கள் 143 உள்ளன: திருவாலங்காட்டு மூத்த திருப்பதிகங்கள் இரண்டில் 22, திருஇரட்டைமணிமாலையில் 20, அற்புதத் திருவந்தாதியில் 101. இவற்றுள் எங்கும் புனிதவதி என்னும் பெயர் இல்லை. பரமதத்தன் இல்லை, மாங்கனி இல்லை, மரக்கலமும் இல்லை. பிறந்து மொழி பயின்ற நாள் முதலே இறைவன் திருவடியில் காதல் கொண்டதாகக் கூறுவார். தாம் பேயாகிய நற்கணத்துள் ஒருவரானதைக் கூறுவார். தம் பெயராக அவர் பதித்து வைத்தது ஊரும் பேயும் சேர்ந்த தொடர் மட்டுமே: காரைக்காற்பேய்.

அவருக்குப் பின் வந்தோரும் நெடுங்காலம் இதற்கு மேல் ஒன்றும் கூறவில்லை. திருத்தொண்டத்தொகை பாடிய சுந்தரர் பேயார் என்னும் ஒரே சொல்லால் அவரைக் குறித்தார். அதனை விரித்து அந்தாதி பாடிய நம்பியாண்டார் நம்பி ஒரு பாடலில் தலையால் நடந்து ஏறியதையும், உமை நகைத்ததையும், இறைவன் அம்மை என்றதையும், காரைக்கால் என்னும் ஊரையும் கூறினார். கணவனைப் பற்றி அவரும் பேசவில்லை. கல்லும் பேசவில்லை. கி.பி. 967இல் குடமுழுக்குக் கண்ட கம்போடிய நாட்டுப் பந்தியாய் ஸ்ரீ கோயிலில் ஆடும் சிவனருகே வற்றிய மார்புடன் ஒரு பெண்ணுருவம் உண்டு; அது அம்மையாரே என்பர் ஆய்வாளர். இராசேந்திரன் எடுப்பித்த கங்கைகொண்ட சோழபுரத்திலும் கூத்தனின் அடிக்கீழ் அவர் தாளமிட்டு அமர்ந்திருக்கிறார். கடல் கடந்து சென்றதும் கல்லில் ஏறியதும் பேயே. மாங்கனி கொடுத்த மனைவியை நாம் எழுத்தில் காண்பது 12ஆம் நூற்றாண்டில், இரண்டாம் குலோத்துங்கன் காலத்துச் சேக்கிழாரிடத்தில்தான்.

சேக்கிழார் யாவற்றையும் தாமே புனைந்தார் எனல் பொருந்தாது. காரைக்காலில் வழங்கிய செவிவழிக் கதை அவர் காதுக்கு எட்டியிருக்கலாம். நாட்டைச் சுற்றி வந்து செய்தி திரட்டியவர் அவர் எனப் போற்றப்படுபவர். எனினும் ஒரு சொல்லுக்கும் ஒரு செய்யுளுக்கும் உடலும் உயிரும் கொடுத்து, தந்தை, கணவன், இரண்டாம் மனைவி, குழந்தை என மாந்தரைச் சுற்றிலும் நிறுத்திய கை அவருடையது. அந்தக் கை எங்கெங்கே பயின்றது என்பதை ஓரளவு காணமுடிகிறது. கடற்கரைப் பட்டினம், பெருவணிகர் இருவர், அவர்தம் மக்கள் மணம், மணமக்களுக்கெனத் தனிமனை, கணவன் பிரிவு, மனைவி தன் உடலின் பெண்மையையே அறுத்தெறிந்து தெய்வமாதல். சிலப்பதிகாரம் பயின்றார்க்கு இவ்வரிசை புதிதன்று. கண்ணகி ஒரு முலையைத் திருகி எறிந்தாள். புனிதவதி ஊன் முழுவதையும் உதறினாள். ஒருத்தி சினத்தால் செய்தாள். மற்றொருத்தி சினமே இன்றிச் செய்தாள். சேக்கிழார் கண்ணகியைப் படியெடுக்கவில்லை; ஆனால் கண்ணகியை அறிந்த நாட்டாருக்கே புனிதவதி உடனே விளங்குவாள்.

இன்னொரு மூலமும் உண்டு. அது ஆலங்காட்டுக்கு மிக அருகில், பழையனூரில் கிடக்கிறது.

பழையனூர் நீலியின் கதை தொண்டை நாட்டார் அனைவரும் அறிந்தது. வணிகன் ஒருவனால் கொல்லப்பட்ட மனைவி பேயாகி, மறுபிறப்பிலும் அவனைத் தொடர்கிறாள். கள்ளிக் கொம்பைக் குழந்தையாக்கி இடுப்பில் ஏந்தி, இவனே என் கணவன் எனப் பழையனூர் வேளாளர் அவையில் முறையிடுகிறாள். அஞ்சிய வணிகனுக்கு எழுபது வேளாளரும் தம் உயிரைப் பிணையாகக் கொடுத்து, அவளோடு செல்லுமாறு தீர்ப்பளிக்கின்றனர். இரவில் அவள் அவனைக் கொன்று மறைகிறாள். மறுநாள் உண்மை அறிந்த எழுபதின்மரும் சொன்ன சொல் தவறாது தீப்புகுந்து உயிர் விட்டனர். தீயில் இறங்கியோரின் நினைவு இன்றும் அவ்வூரில் போற்றப்படுகிறது. சிறப்புமிக்க இந்தப் பழையனூரைத்தான் இராசேந்திர சோழன் ஆலங்காட்டு இறைவனுக்குத் தேவதானமாக அளித்தான். அந்த ஆணையைத் தாங்கிய 31 செப்பேடுகள் 1905இல் கண்டெடுக்கப்பெற்றன.

வணிகன், அவனுக்கு அச்சம் விளைக்கும் மனைவி, குழந்தை, கூடிய சுற்றத்தார் முன் ஒரு முறையீடு, பேய்வடிவம். நீலி கதையின் உறுப்புகள் யாவும் அம்மையார் வரலாற்றிலும் இருக்கின்றன. ஒவ்வொன்றும் திசை மாறி இருக்கின்றது. அங்கே பேய் கணவனைத் தேடி வருகிறது. இங்கே கணவன் மனைவியைப் பேய்க்கு அஞ்சுவதுபோல் அஞ்சி ஓடுகிறான். அங்கே அவையில் பெண் முறையிடுகிறாள். இங்கே ஆண் காலில் விழுந்து முறையிடுகிறான். அங்கே குழந்தை பொய். இங்கே குழந்தை மெய், அதற்கு இட்ட பெயர் அவளுடையது. அங்கே பழி, இங்கே விடுதலை. சேக்கிழார் தொண்டை நாட்டுக் குன்றத்தூரினர், வேளாளர் மரபினர். தம் மரபினர் எழுபதின்மர் தீப்புகுந்த கதையை அறியாமல் அவர் வளர்ந்திருக்க இயலாது. ஆலங்காட்டுப் பேயாரின் வாழ்வை எழுதப் புகுந்த அவர் நெஞ்சில் அடுத்த ஊர்ப் பேய் ஒருகணமேனும் நிழலாடியிராதா? சான்று காட்டி நிறுவ இயலாத கருத்தே இது. ஆயினும் இரண்டு கதைகளையும் அடுத்தடுத்துப் படிப்போர் இதனை எளிதில் ஒதுக்கிவிட மாட்டார்.

நீலியை எடுத்து ஆண்டவர் வேறொருவர் இருக்கிறார் என்பதனால் இக்கருத்துக்கு வலு கூடுகிறது. ஐஞ்சிறு காப்பியங்களுள் ஒன்றான நீலகேசியின் ஆசிரியர் பெயர் தெரியாத சமணர். பௌத்தக் காப்பியமாகிய குண்டலகேசிக்கு மறுப்பாக எழுந்த நூல் அது. பலி தடைப்பட்டதற்குக் காரணமான சமண முனிவரை விரட்ட, பாஞ்சால நாட்டுக் காளி பழையனூர் நீலியை வருவிக்கிறாள். நீலி அச்சுறுத்துகிறாள், பெண்வடிவில் மயக்கவும் முயல்கிறாள். இரண்டும் பலிக்காதபோது முனிவரின் அறவுரைக்கு ஆட்பட்டு, நாடெங்கும் சென்று வாதம் புரியும் தருக்கப் புலமையாட்டியாகிறாள். ஊர்ப்பேயைத் தத்துவ வாதியாக்கிய அந்தச் சமணரின் துணிவு மெச்சத்தக்கது. ஒரே சுற்றுவட்டாரத்துப் பேய்க்கதை சைவர் கையில் ஒருவிதமாகவும் சமணர் கையில் வேறுவிதமாகவும் முளைத்திருக்கிறது. இருவருமே கடன் பட்டவர். இருவருமே பிறர் எவரும் படைக்காததைப் படைத்தவர்.

இவ்வளவும் அம்மையாரைப் பற்றிப் பிறர் படைத்தவை. அம்மையார் தாம் படைத்த பாத்திரம் ஒன்று உண்டு; அவருக்கு இழைக்கப்படும் பெரிய அநீதி அதனைப் பாத்திரமாகவே கருதாமல் விடுவது. காரைக்காற்பேய் என்பது கணவன் கைவிட்ட பெண்ணுக்கு நேர்ந்த விளைவு என்று மட்டும் கொண்டால், தமிழின் முதற்பெரும் பக்திக் கவிஞரின் கற்பனை அவருடைய துயரத்தின் அடிக்குறிப்பாகச் சுருங்கிவிடும்.

பேய் அவர் காலத்துக்கு முன்பே தமிழ்ச் செய்யுளில் நெடுங்காலம் உலவியது. போர்க்களத்தில் புண்பட்டுக் காப்பாரின்றிக் கிடக்கும் வீரனைப் பேய் காப்பதைத் தொல்காப்பியம் காஞ்சித் திணையின் துறையாக வைத்தது. யாவரும் சென்றொழியவும் தான் ஒழியாத சுடுகாட்டை வாழ்த்தும் காடுவாழ்த்தும் அத்திணையிலேயே உண்டு. சங்கப் புறப்பாடல்களில் பேய்மகளிர் களத்தில் குருதி அளைந்து துணங்கை ஆடுவர். திருமுருகாற்றுப்படையில் வறண்ட மயிரும் கோணிய பல்லும் சுழலும் கண்ணும், கூகையும் பாம்பும் தொங்கும் காதுமாய் ஒரு பேய்மகள் தலை ஒன்றைக் கையில் ஏந்தித் தின்று ஆடுகிறாள். அம்மையார் இவற்றையெல்லாம் கேட்டும் கற்றும் அறிந்தவர் என்பதில் ஐயமில்லை. அவர் பதிகத்துப் பெண்பேய்க்கும் இப்பேய்மகளிர்க்கும் உள்ள உறவு கண்கூடு.

ஆனால் அவர் மூன்று செயல்கள் செய்தார். பேயைப் போர்க்களத்திலிருந்து எடுத்து ஊர்ப்புறத்துச் சுடுகாட்டில் விட்டார். அங்கே வேந்தரும் இல்லை, வெற்றியும் இல்லை. எட்டியும் இலவும் ஈகையும் சூரையும் காரையும் கள்ளியும் படர்ந்த காடும், அணைந்தும் அணையாத ஈமத்தீயும், நரியும், இறந்தோரும் மட்டுமே. எல்லாருடைய முடிவும் அங்கே தான்; ஆதலால் அவர் பேய் எல்லாருக்கும் உரியதாயிற்று.

இரண்டாவது செயல் இன்னும் நுட்பமானது. பழைய பேய் அச்சம் தரும் வடிவம் மட்டுமே. அதற்கு வீடு வாசல் கிடையாது. அம்மையார் பேய்க்குப் பிள்ளை கொடுத்தார். ஆலங்காட்டுப் பதிகத்தின் ஒரு பாடலில் பேய்த்தாய் ஒருத்தி நிணத்தை விழுங்கி, வெண்தலை மாலை பூண்டு, தன் பிள்ளைக்குக் காளி என்று பெயரிட்டுச் சிறப்பாக வளர்க்கிறாள். புழுதி துடைத்துப் பால் கொடுத்துவிட்டு எங்கோ போகிறாள். தாய் திரும்பி வரக் காணாத பிள்ளை அழுதழுது உறங்கிப் போகிறது. அந்தக் காட்டில்தான் இறைவன் ஆடுகிறான். வேறொரு பாடலில் ஒரு பேய் கள்ளிக் கவட்டில் காலை நீட்டி அமர்ந்து, கொள்ளிக்கட்டையை மசித்துக் கண்ணுக்கு மை தீட்டிக்கொள்கிறது, வெடுவெடெனச் சிரிக்கிறது, மருண்டு பார்க்கிறது, துள்ளும்போது ஈமத்தீ சுட்டுவிட, சினந்து புழுதியை அள்ளி வீசித் தீயை அவிக்கிறது. மை தீட்டும் பேயும் தாலாட்டும் பேயும் அதற்கு முன் தமிழில் இல்லை. வீட்டில் பெண் செய்யும் பணிகள் அத்தனையும் சுடுகாட்டில் நடக்கின்றன. இல்லறம் துறந்த ஒருவர்தாம் இல்லறத்தின் சிறு அசைவுகளை இத்துணைக் கூர்ந்து அறிந்து சுடுகாட்டில் கொண்டுபோய் வைக்க முடியும் என்று தோன்றுகிறது. சேக்கிழார் கூறும் வாழ்க்கை மெய்யாயின் அதன் தடம் இங்கே இருக்கலாம். மகளுக்குப் புனிதவதி எனப் பெயரிட்ட தந்தையைச் சேக்கிழார் படைத்தபோது, மகளுக்குக் காளி எனப் பெயரிட்ட இந்தப் பேய்த்தாயை நினைந்திருப்பாரோ என்பதும் எண்ணத்தக்கது.

மூன்றாவது செயலே அவருடைய தனித்தன்மையின் உச்சம். பதிகத்தின் முடிவில் அவர் தாமும் அப்பேய்களுள் ஒன்று என்றார். பேயைக் கண்டு பாடியோர் பலர். பேயாக நின்று பாடியவர் அவரே முதல்வர். பொருநராற்றுப்படை முதலியவற்றில் புலவர் பாடினியை முடி முதல் அடி வரை உறுப்புறுப்பாக வருணித்து மகிழ்ந்தனர். அம்மையாரும் பெண்ணுடலை உறுப்புறுப்பாகப் பாடினார். வற்றிய மார்பு, எழுந்த நரம்பு, குழிந்த கண்ணும் வயிறும், சிவந்த மயிர், நீண்ட கோரைப்பல், உயர்ந்த பரடு என. வருணனை முறை கடன் வாங்கியது. வருணிக்கப்பட்ட உடலோ எந்த ஆடவனும் விரும்பிப் பார்க்க முடியாதது. அழகு என்னும் விலையைப் பெண்மீது வைத்துப் பாடிய மரபுக்கு, அம்மரபின் கருவியைக் கொண்டே அவர் விடை கொடுத்தார்.

வடிவத்திலும் அவர் வழிகாட்டியே. பதினொரு பாடல் கொண்ட பதிகம், அதனை நட்டபாடை, இந்தளம் என்னும் பண்களில் அமைத்தல், இறுதிப் பாடலில் பாடியவர் பெயரும் பாடுவோர் பெறும் பயனும் வைத்தல் ஆகியவற்றுக்கு அவர் பதிகங்களே முன்மாதிரி. மூத்த பதிகம் என்னும் பெயரே அதனைச் சொல்லும். சம்பந்தரின் திருக்கடைக்காப்பு இவ்வழியில் வந்தது. இரட்டைமணிமாலையும், தனிநூலாக அமைந்த அந்தாதியும் அவரிடத்திலேயே முதலில் காணப்படுகின்றன. ஏழிசைகளின் பெயர்களையும் இசைக்கருவிகள் பலவற்றையும் பதிகத்துள் அடுக்கிய புலமை, சுடுகாட்டில் ஒலிப்பது வெறுங்கூச்சல் அன்று எனக் காட்டுகிறது.

பிற்காலத்தார் அவரிடம் பெற்ற கடன் மிகுதி. சயங்கொண்டாரின் கலிங்கத்துப்பரணியில் பேய்கள் பசித்துப் புலம்புகின்றன, கூழ் அடுகின்றன, ஒன்றையொன்று கேலி செய்கின்றன. களவேள்வி மரபுக்கே அவர் நேராகக் கடன்பட்டவர். எனினும் சமைக்கவும் சிரிக்கவும் தெரிந்த பேய், ஆலங்காட்டில் மை தீட்டிய பேயின் உறவினள் அல்லள் எனல் கடினம்.

மக்களுக்கோ புனிதவதியே நெருங்கியவள். காரைக்காலில் ஆனித் திங்கள் முழுநிலவை ஒட்டி நிகழும் மாங்கனித் திருவிழாவில் மாம்பழங்களை இறைப்பர், தாவிப் பிடிப்பர். ஏ.பி. நாகராசன் இயக்கி 1973இல் வெளிவந்த காரைக்கால் அம்மையார் திரைப்படத்தில் புனிதவதியாக லட்சுமியும், பேயுருவம் பெற்ற அம்மையாராக கே.பி. சுந்தராம்பாளும் நடித்தனர். இளமைக்கும் முதுமைக்குமாக இருவரைத் தேர்ந்தது திரைத்தொழிலின் தேவை எனலாம். ஆயினும் புராணத்தில் இரண்டு புலவர் படைத்த இரண்டு பெண்கள் ஓருடலில் ஒட்டப்பட்டிருக்கும் தையல், அந்தப் படத்தில் தெளிவாகவே தெரிகிறது.

ஆலங்காடு மாங்கனியை அதிகம் நினைப்பதில்லை. பங்குனிச் சுவாதியில் அவர் திருவடி சேர்ந்த நாளைக் கொண்டாடுகிறது. அம்மையார் தலையால் நடந்த மண்ணைக் காலால் மிதிக்கலாகாது என எண்ணிய திருஞானசம்பந்தர், ஊருக்குள் புகாமல் அருகில் தங்கினார் என்பது சேக்கிழார் வாக்கு. இரவில் இறைவன் கனவில் தோன்றி, எம்மைப் பாட மறந்தாயோ என வினவினாராம். சம்பந்தர் பாடிய பதிகம் இன்றும் கிடைக்கிறது. அதன் முதற்பாடலிலேயே ஒரு பெண் வருகிறாள். நட்புப் பாராட்டி வஞ்சித்து உயிர் கொண்ட ஒருத்தி, அவள் செயல் கேட்டு ஊரே அஞ்சிய ஒருத்தி. பழையனூர் நீலி அவள். மிதிக்க அஞ்சிய மண்ணுக்குரிய பேயாரை அப்பதிகம் வெளிப்படையாகப் பெயர் சுட்டவில்லை.